அடுக்களைக் கூரையும் நம் கடைக் கணக்கும்



நம் சங்க இதழில் வரி, உரிமம், தராசு முத்திரை, விலை நிலவரம் என்று எத்தனையோ எழுதியாகிவிட்டது. கடைக்குப் பின்னால் இருக்கிற அடுக்களையைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை. இந்த மாதம் அதை எழுதுகிறோம். பலசரக்குக் கடைக்காரனுக்கும் அடுக்களைக் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, பந்தல்குடி வட்டாரத்தில் நம்மில் பெரும்பாலோர் பிழைப்பு எப்படி அமைந்திருக்கிறது? தெருப்பக்கம் கடை, நடுவில் சரக்கு அறை, அதற்குப் பின்னால் வீடு. அடுப்பு எரிகிற இடத்துக்கும் வற்றல் மூட்டை அடுக்கியிருக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். பல வீடுகளில் அதுகூட இல்லை, ஒரு தட்டி மறைப்புதான். அங்கே கூரை விழுந்தாலும், தீப்பிடித்தாலும், போவது குடும்பம் மட்டுமல்ல, கடையும்தான்.

நமக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். மறைத்து என்ன ஆகப்போகிறது.

நம் வீடு தகப்பனார் காலத்துக் காரை வீடு. மரக்கட்டை பாவி, அதன்மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்து, மேலே தட்டோடு பதித்த கூரை. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அடித்த தளம் என்று அம்மா சொல்வார்கள். அது ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரு சொட்டு இறக்கவில்லை. பிறகு நாம்தான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தோம், டிஷ் ஆன்டெனாவுக்குத் துளை போட்டோம், மல்லி காயப்போட ஆள் நடமாடவிட்டோம். தட்டோடு கீறியது. அடுக்களை வடகிழக்கு மூலையில் ஒரு கறை விழுந்தது. வருடா வருடம் அது கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது.

2019-இல் கடை முகப்புக்குப் புதிய ஷட்டர், கண்ணாடி அலமாரி, பலகை விளக்கு எல்லாம் போட்டோம். அப்போதே வீட்டில் சொன்னார்கள்: "ஏங்க, முன்பக்கம் அவ்வளவு செலவு பண்றீங்க, அடுக்களையில உதிருற காரை சோத்துல விழுது, அதையும் ஒரு பார்வை பாருங்க." பார்க்கலாம் என்றோம். வியாபாரி வாயில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

2021-இல் ஒருவழியாகப் பார்த்தோம். ஆனால் பார்த்த விதம் தப்பு. மேலே ஒழுக்கைச் சரிசெய்யாமல், கீழே பலகை அடித்து மறைத்துவிடலாம் என்று ஒரு காண்டிராக்டர் சொன்னார். பெயர் வேண்டாம். அவர் மேல் பாதிக் குற்றம், அதைக் கேட்டு ‘சரி’ என்ற நம் மேல் பாதி. "அண்ணாச்சி, ஜிப்சம் போர்டு போட்டுட்டா பளிச்சுன்னு ஆயிரும், உதிருறதும் தெரியாது, கறையும் தெரியாது" என்றார். எந்தப் பலகை என்று நாம் கேட்கவில்லை. துவரம்பருப்பு வாங்கினால் பர்மா சரக்கா, நாட்டுச் சரக்கா, எந்த மில், ஈரம் எத்தனை என்று கையில் அள்ளித் தேய்த்து, பல்லில் கடித்துப் பார்க்கிற நாம், தலைக்கு மேல் தொங்கப்போகிற பொருளை ஒரு கேள்வி கேட்காமல் வாங்கினோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. நம் மானாவாரிச் சீமையிலும் விடாமல் பெய்தது. பதினெட்டாம் தேதி விடியற்காலையில் வீட்டில் அடுப்பில் பால் வைத்துவிட்டு, வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க வெளியே வந்தார்கள். பின்னால் ஒரு சத்தம். ஊறிப்போன பலகையும், அது தாங்கிக்கொண்டிருந்த காரைக்கட்டியும், இரண்டு செங்கல்லும் சேர்ந்து அடுப்படியில் கிடந்தன. பால் பாத்திரம் நசுங்கியிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. ஓடிப்போய் சிலிண்டரை மூடியது நம் கடைப் பையன்தான்.

அன்றிலிருந்து ஆறு மாதம் இதே வேலையாகத் திரிந்து விசாரித்தோம். கொத்தனார், ஆசாரி, மதுரையில் பலகை விற்கிறவர்கள், பொறியியல் படித்த மருமகன் என்று கேட்டதையும், நாமே சோதித்துப் பார்த்ததையும்தான் கீழே எழுதுகிறோம்.

ஜிப்சம் நமக்குப் புதிய சரக்கு அல்ல. நிலக்கடலை போடுகிற சம்சாரி ஒவ்வொருவருக்கும் தெரியும். விதைத்து 40, 45 நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போட்டால்தான் பருப்பு திரட்சியாக வரும் என்று வேளாண்மைத் துறையினர் சொல்கிறார்கள். அதே ஜிப்சம்தான் சிமெண்ட் ஆலையில் கிளிங்கரோடு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சேர்த்து அரைக்கப்படுகிறது. அது இல்லாவிட்டால் கலவை கொத்தனார் கரண்டியில் எடுப்பதற்குள் இறுகிவிடும். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைவதற்கு முன்னமே பாத்தியின் அடியில் இது படிகிறது. பழைய திருச்சி மாவட்டத்திலும் பூமியில் கிடைக்கிறது. நாட்டின் பெரும்பகுதிச் சரக்கு ராஜஸ்தானிலிருந்து வருகிறது. இதைச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வறுத்தால் அதிலுள்ள தண்ணீரில் முக்கால் பங்கு போய், பிளாஸ்டர் ஆப் பாரிஸ் என்கிற மாவு கிடைக்கும். கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடுகிற மாவுக்கட்டும், பள்ளிக்கூடச் சாக்பீஸும் அதுதான். தண்ணீர் விட்டுக் குழைத்தால் மறுபடி கல்லாக இறுகும். அந்தக் குழம்பை இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே ஊற்றி, பலகையாக வெட்டிக் காயவைத்தால் ஜிப்சம் போர்டு. 1894-இல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காகிதமும் சாந்தும் மாற்றி மாற்றி அடுக்கிய பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய பலகைக்கு அதுதான் மூதாதை.

இதன் அருமை தண்ணீரில் இருக்கிறது. பார்க்கக் காய்ந்த கல் போல இருக்கும் ஜிப்சத்தில் எடைக்கு எடை நூற்றுக்கு 21 பங்கு தண்ணீர், கல்லோடு கல்லாகக் கட்டுண்டு கிடக்கிறது. தீ பட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். அது முழுவதும் போய் முடிகிற வரை, பலகையின் மறுபக்கம் கொதிநீர்ச் சூட்டைத் தாண்டி அதிகம் ஏறாது. அந்த நிமிடங்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரலாம், சிலிண்டரை அப்புறப்படுத்தலாம். பலகை தீயை அணைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது நேரம்தான் வாங்கித் தரும்.

நாம் ஒரு சோதனை செய்தோம். கடை வாசலில் பழைய கேஸ் அடுப்பை வைத்து, நான்கு வகைத் துண்டுகளைத் தீயில் பிடித்தோம். தெர்மோகோல் துண்டு பிடித்த மாத்திரத்தில் சுருங்கி, எரிகிற சொட்டாக ஒழுகியது. பிவிசி பலகை முதலில் வளைந்து தொங்கியது, பிறகு கருத்து, மூக்கைக் கிழிக்கிற நெடியோடு புகைந்தது. பிவிசி எரியும்போது வருவது ஹைட்ரஜன் குளோரைடு. நுரையீரல் ஈரத்தில் பட்டால் அமிலம். பிளைவுட் என்ன ஆனது என்று எழுத வேண்டியதில்லை. ஜிப்சம் பலகையில் கீழ்க்காகிதம் கருகியது. மூன்று நிமிடம் கழித்தும் மேல்பக்கம் கை வைக்க முடிந்தது. அப்போது கடைக்கு வந்திருந்த ஒரு வாடிக்கையாளர், "அண்ணாச்சி, வியாபாரத்தை விட்டுட்டு பரீட்சை எழுதுறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறோம் என்றால், நம் ஊர்களில் இப்போது அடுக்களைக்கு அதிகமாக விற்பது பிவிசி பலகைதான். ஈரம் தாங்கும், துடைத்தால் போதும், கரையான் தின்னாது, விலை மலிவு. எல்லாம் உண்மை. குளியலறைக்கும் வராந்தாவுக்கும் தாராளமாகப் போடுங்கள். அடுப்புக்கு மேல் போடாதீர்கள். 80 டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்குகிற சரக்கு அது. பெரிய கடாயில் சேவு, முறுக்கு போட்டு விற்கிற கடைக்காரர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். எண்ணெய் பற்றினால் சுவாலை நேரே மேலேதான் போகும். கூரையில் என்ன இருக்கிறது என்பதுதான் அப்போது கேள்வி.

2004-ஆம் வருடத்தைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் பற்றி, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக்கூரை வழியாக வகுப்பறைக்குப் போய் 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. இரண்டிலும் ஆளைக் கொன்றது தலைக்கு மேல் இருந்த பொருள். 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில், கடைகள் இருந்த இடத்தில் தீப்பிடித்தபோது கல் கூரையே வெடித்து விழுந்தது. அதற்குப் பிறகு அங்கே தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 1666-இல் லண்டன் நகரமே எரிந்து 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலானது ஒரு ரொட்டிக் கடை அடுப்பிலிருந்துதான். அடுத்த வருடமே பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, பாரிஸ் மர வீடுகளைச் சாந்து பூசி மூட வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சாந்தும் ஜிப்சம் மாவுதான். பாரிஸ் என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டதற்கு அந்த ஊர்க் குன்றுகளில் கிடைத்த சரக்குதான் காரணம்.

சரி, ஜிப்சம்தான் என்று முடிவானால் எந்த ஜிப்சம்? இங்கேதான் நாம் முதலில் ஏமாந்தோம். பலகையில் ரகம் உண்டு. சாதாரண ரகம் வெள்ளை அல்லது பழுப்புக் காகிதத்தில் வரும். ஈரம் தாங்கும் ரகம் பெரும்பாலும் பச்சைக் காகிதம். தீ தாங்கும் ரகம் இளஞ்சிவப்பு; அதன் உள்ளே கண்ணாடி இழை கலந்திருப்பதால் தண்ணீர் ஆவியாகிப் போன பிறகும் பலகை சட்டென்று உடைந்து விழாமல் நிற்கும். ஈரமும் தீயும் இரண்டும் தாங்குகிற ரகமும் மதுரையில் கிடைக்கிறது. நல்ல பச்சைப் பலகையை இரண்டு மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்தாலும் தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் உறிஞ்சக் கூடாது. நாம் இரண்டு ரகத்திலும் கையளவு துண்டு வாங்கி ராத்திரி முழுக்க வாளியில் போட்டுப் பார்த்தோம். காலையில் சாதாரணத் துண்டு காகிதம் கழன்று, விரலால் அழுத்தினால் ஊறின பொரிகடலை மாதிரி கரைந்தது. பச்சைத் துண்டு கனத்திருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. 2021-இல் நம் தலைக்கு மேல் தொங்கியது முதல் துண்டின் சாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுக்களை 120 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பலகைக்கும் பச்சைப் பலகைக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பெருக்கிப் பார்த்தோம். ஒரு மூட்டை துவரம்பருப்பின் விலைகூட வரவில்லை. அதைக் காண்டிராக்டர் மிச்சம் பிடித்தார் என்றால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்காதவனிடம் எல்லா வியாபாரியும் அப்படித்தான் மிச்சம் பிடிப்பான். ஆகவே ரேட்டு எழுதும்போதே ‘ஈரம் தாங்கும் ரகம், 12.5 மில்லிமீட்டர் கனம், ஐ.எஸ். 2095’ என்று தாளில் எழுதி வாங்குங்கள். லோடு இறங்கும்போது நீங்களே நின்று காகித நிறத்தையும் பின்பக்கம் அச்சடித்திருப்பதையும் பாருங்கள். 6-க்கு 4 அடிப் பலகை ஒன்று ஏறக்குறைய 18 முதல் 20 கிலோ இருக்கும். தராசு நம்மிடம்தானே இருக்கிறது, ஒன்றைத் தூக்கி வைத்துப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

பலகையைத் தாங்குகிற சட்டத்தையும் பாருங்கள். துத்தநாக முலாம் பூசிய தகடு வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒரு சட்டம், ஒன்பது அங்குலத்துக்கு ஒரு திருகு. நம் முதல் வேலையில் சட்டத்தைக் கட்டுக்கம்பியால் தொங்கவிட்டிருந்தார்கள். துருப்பிடித்த கம்பி விரலில் ஒடிந்தது. மின்விசிறிக் கொக்கி மேலே கூரையிலிருந்துதான் வர வேண்டும், பலகையில் எதையும் தொங்கவிடக் கூடாது. அதன்மேல் எதையும் வைக்கவும் கூடாது. பரண் இல்லை அது. இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம், நம் சகோதர வணிகர் ஒருவர் பலகைக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்து, ‘சும்மா கிடக்கிறதே’ என்று காலிச் சாக்குக் கட்டுகளை ஏற்றி வைத்திருந்தார். சாக்கும் மின்கம்பியும் ஒரே பொந்தில்.

பச்சைப் பலகை என்றால் ஒழுக்கையும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது குழம்பு கொதிக்கிற ஆவியைத் தாங்கும், மேலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தாங்காது. கூரையை முதலில் சரிசெய்யாமல் பலகை அடிப்பது, மூட்டை வாயில் நல்ல வற்றலைப் பரப்பி அடியில் சோடை வைப்பது மாதிரி. வாங்கினவன் ஒருநாள் மூட்டையைக் கொட்டத்தான் செய்வான். கான்கிரீட் தளங்களில் இது இன்னும் பயம். முப்பது, நாற்பது வருடத் தளங்களில் கம்பி துருப்பிடித்து உப்பி, காரையைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அது கண்ணுக்குத் தெரிகிற வரைதான் பாதுகாப்பு. பலகை போட்டு மூடிவிட்டால் விழுகிற அன்றுதான் தெரியும். நாம் மேல்தளத்தைப் பிரித்தபோது இரண்டு கட்டைகளைக் கரையான் உள்ளே கூடாக்கி வைத்திருந்தது. கொத்தனார் தட்டிக் காட்டிவிட்டு, "அண்ணாச்சி, இது இத்தனை நாள் நின்னதே சாமி புண்ணியம்" என்றார். கட்டைகளுக்குப் பதில் இரும்புச் சட்டம் கொடுத்து, சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் புதிதாகப் போட்டோம். பலகைக்கு ஆனதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இதற்கு ஆயிற்று. கொடுக்க வேண்டியது அதுதான்.

ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட அடுக்களைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருச்சுழிச் சாலை நெடுக, கிராமத்துக் கடைகளில் பாதிக்கு மேல் அந்தக் கூரைதான் கண்ணில் படுகிறது. சித்திரையில் நூறு டிகிரியைத் தாண்டும்போது அதன் கீழ் நின்று சமைப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். கல்நார் இழை மூச்சில் போனால் புற்றுநோய் வரும், எந்த ரகமும் விலக்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2005-லிருந்து முற்றாகத் தடுத்துவிட்டன. நம் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் ஆரோக்கியம் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் இங்கே சீட் விற்பனைக்குத் தடையில்லை. இருக்கிற சீட் முழுசாக, உடையாமல் இருந்தால் பதற வேண்டாம். அதைத் துளைப்பதும், ரம்பத்தால் அறுப்பதும், ஒட்டடை அடிக்கிறோம் என்று காய்ந்த துடைப்பத்தால் சுரண்டுவதும்தான் ஆபத்து. கீழே ஜிப்சம் பலகை போட்டால் சூடு நன்றாகக் குறையும். ஆனால் சட்டத்தைச் சுவரிலும் குறுக்குச் சட்டத்திலும் மாட்டச் சொல்லுங்கள், சீட்டில் ஒரு துளைகூடப் போட விடாதீர்கள். கழற்றுவதானால் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்கி, பாலித்தீனில் சுற்றுங்கள். உடைத்து கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டு வருகிறோமே, அதில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

விறகடுப்பு எரிகிற அடுக்களைக்குப் பலகையே வேண்டாம் என்பது நம் கட்சி. சீமைக்கருவேல விறகின் புகை ஓட்டு இடுக்கு வழியாகப் போவது நல்லது. பலகை போட்டு அடைத்தால் அந்தப் புகை அத்தனையும் சமைக்கிறவர்கள் நெஞ்சுக்குள்தான் போகும். கேஸ் அடுப்பாக இருந்தாலும் எக்சாஸ்ட் மின்விசிறி இல்லாமல் பலகை அடிக்காதீர்கள். வற்றல் தாளிக்கிற புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு வருடத்தில் வெள்ளைப் பலகையைப் புளியோதரை நிறமாக்கிவிடும்.

சரக்கு அறைக்கும் சிலர் அழகுக்காக இதைப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பலகைக்கு மேலே இருக்கிற ஒரு முழ இடைவெளி எலிக்கு அரண்மனை. பருப்பும் மல்லியும் கீழே, எலி மேலே, நடுவில் அது கடித்த மின்கம்பி. பொறி வைக்கவும் முடியாது, கண்ணால் பார்க்கவும் முடியாது. சரக்கு அறைக் கூரை மூடாமல், அண்ணாந்தால் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். அதில் சுண்ணாம்பு அடித்தால் போதும்.

செலவைக் கேட்டு மலைக்கிறவர்களுக்கு ஒன்று. பொடி அரைத்து விற்கிறவர்கள், பலகாரம் போடுகிறவர்கள் எல்லாரும் உணவுப் பாதுகாப்பு உரிமமோ பதிவோ வைத்திருக்கிறோம். 2011 உரிம விதிகளின் நான்காம் அட்டவணையில், தரை, சுவர், கூரை மூன்றும் பழுதில்லாமல், வழுவழுப்பாக, கழுவ எளிதாக இருக்க வேண்டும், பெயிண்டோ காரையோ உதிரக் கூடாது என்று இருக்கிறது. அதிகாரி வந்து எழுதினால் அப்போது போட்டடித்துச் செய்வோம். வீட்டில் ஆறு வருடமாகச் சொல்வதைக் கேட்டுச் செய்ய நமக்கு ஏன் மனம் வரவில்லை என்பதை நாம் நமக்குள் கேட்டுக்கொண்டோம். முகப்புக் கண்ணாடியை வாடிக்கையாளர் பார்க்கிறார், அடுக்களைக் கூரையை யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணம்தான். கணக்குப் புத்தகத்தில் கடை மராமத்து என்று ஒரு பற்று இருக்கிறது, வீட்டு மராமத்துக்கு ஒரு வரி இல்லை. நம் சங்கத்தில் பெரும்பாலோர் கணக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். நம் தொழிலுக்குப் பங்குதாரர் யார் என்று கேட்டால் பெயர்ப்பலகையில் இருப்பதைச் சொல்வோம்; விடியுமுன் எழுந்து கடைப் பையன்களுக்கும் சேர்த்து உலை வைக்கிறவர்கள் அந்தப் பலகையில் இல்லை.

2024 ஆனி மாதம் வேலையை முடித்தோம். தளம் காய இரண்டு மாதம் விட்டு, அதன் பிறகுதான் பலகை. பச்சை ரகம் முழுவதும். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் ஈரமும் தீயும் தாங்குகிற ரகம். கரும்பலகை அளவுக்கு, இரண்டடிக்கு இரண்டடி, ஒரு சின்னக் கதவு வைக்கச் சொன்னோம். ஆசாரி, "எதுக்கு அண்ணாச்சி, அழகு கெட்டுரும்" என்றார். வீட்டில்தான், "இருக்கட்டும், வை" என்று சொன்னார்கள். மூடுவதற்கு முன் வடகிழக்கு மூலையில் இருந்த பழைய கறையைச் சுற்றி நாம் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தோம்.

ஐப்பசி மழைக்கு முன்னும், தை பிறந்த பிறகும் அந்தக் கதவைத் திறந்து, ஏணியில் ஏறி, டார்ச் அடித்துப் பார்க்கிறோம். நமக்கு முழங்கால் வலி. ஏணியைப் பிடித்துக்கொள்வது கடைப் பையன், ஏறுவது வீட்டில் அவர்கள். போன முறை பார்த்தபோது ஒரு பல்லி மட்டும் இருந்தது. கறை கோட்டைத் தாண்டவில்லை.